மதிலுக்கு வெளியே எறிந்த செடி



பொங்கலுக்கு முன் வீட்டைச் சுத்தம் செய்யும் நாட்களில் எந்தத் தெருவிலும் மதிலோரம் ஒரு பச்சைக் குவியல் கிடக்கும். தொட்டியைத் தாண்டி வளர்ந்த கொடி, கவாத்து செய்த கிளை, மீன் தொட்டியிலிருந்து அள்ளிய நீர்ச்செடி, பூத்து ஓய்ந்ததென்று பிடுங்கிய கிழங்கு எல்லாம் அதில் இருக்கும். குப்பை வண்டி வந்தால் உண்டு. வராவிட்டால் ஆடு கடித்தது போக மிச்சம் மழைநீர் வடிகாலுக்குள் சரியும். பொறுமை இல்லாதவர் அள்ளிக்கொண்டு போய்ப் பக்கத்துக் காலி மனையிலோ ஏரிக்கரையிலோ கொட்டிவிட்டு வருவார். இலைதழைதானே, மக்கிப் போகும் என்பது அவர் கணக்கு. பிளாஸ்டிக் பையை வீசக் கூசுகிற கை, செடியை வீசக் கூசுவதில்லை. இன்றைய பேச்சு, அப்படி வீசப்பட்டும் மக்காமல் பிழைத்துக்கொண்ட செடிகளைப் பற்றியது.

ஆக்கிரமிப்புச் செடி என்றதும் தமிழ்நாட்டில் முதலில் வாயில் வருவது சீமைக் கருவேலம். விறகுக்கும் வேலிக்கும் ஆகுமென்று அரசாங்கமே விதை தூவி வளர்த்த மரம் அது. அதனால் பழி முழுவதும் அரசாங்கத்தின் பற்றில் ஏறிவிட்டது. வீட்டில் பத்துத் தொட்டி வைத்திருப்பவருக்கு இந்த வழக்கில் பங்கில்லை என்ற நிம்மதியும் வந்துவிட்டது. மற்றக் களைகளின் பூர்விகத்தைத் தோண்டினால் அந்த நிம்மதி நிலைக்காது. வெளிநாட்டிலிருந்து வந்து ஆஸ்திரேலியாவில் தானாகவே பரவி நிலைகொண்டுவிட்ட தாவர இனங்களை அந்நாட்டு ஆய்வாளர்கள் 2005-ல் கணக்கெடுத்தார்கள். அவற்றில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தோட்டங்களிலிருந்து தப்பியவை. தானியத்தோடு கலந்து வந்தவை, தீவனத்துக்காக வந்தவை, கப்பலில் ஒட்டிக்கொண்டு வந்தவை எல்லாம் சேர்ந்துதான் மிச்சம் ஒரு பங்கு.

இந்தியாவுக்கு அப்படி ஒரு முழுக் கணக்கு தேவையில்லை. உண்ணிச்செடி ஒன்றே போதும். நடு அமெரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் பிறந்த புதர் அது. 17-ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கண்ணாடி வீடுகளில் தோட்டக்காரர்கள் பல இனங்களை ஒன்றோடொன்று கலந்து, விதவிதமான நிறங்களில் பூக்கும் வகைகளை உண்டாக்கினார்கள். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது கல்கத்தாத் தாவரவியல் தோட்டத்துக்கு வந்தது. பிறகு வெள்ளைக்காரர்களின் பங்களாக்களுக்கு வேலியாயிற்று. ஆக, முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் புல் முளைக்க இடமில்லாமல் அடைத்து நிற்பது காடு பெற்ற செடி அல்ல. தோட்டம் பெற்றுக் காட்டில் விட்ட செடி.

அது எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதற்கு 2020-ல் வெளியான ஓர் ஆய்வு விடை சொன்னது. இந்தியாவில் புலிகள் வாழும் காட்டுப் பரப்பில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல், அதாவது ஏறத்தாழ ஒன்றரை லட்சம் சதுர கிலோமீட்டர், உண்ணிச்செடியின் பிடியில் இருக்கிறது. தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பே ஒன்றே கால் லட்சத்தைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். இலையில் நஞ்சு உண்டு; மேய்ந்த மாட்டுக்கு ஈரல் கெட்டு, வெயில் பட்ட தோல் புண்ணாகும். மேயவும் ஆளில்லை, பழத்தைத் தின்று விதையைச் சுமக்கக் கொண்டைக்குருவியும் மைனாவும் இருக்கின்றன. கூடலூர்ப் பக்கம் பழங்குடி மக்கள் இந்தக் கழிகளை வெட்டி, வளைத்து, நிஜ யானை அளவிலேயே யானைச் சிற்பங்களாகச் செய்கிறார்கள். 2021-ல் அந்த யானைகள் லண்டன் பூங்காக்களில் மந்தை மந்தையாக நின்றன. அழகான வேலை, அதற்குக் கூலியும் கிடைக்கிறது. ஆனாலும் வெட்டுகிற வேகத்தை விடத் துளிர்க்கிற வேகம் அதிகம்.

நர்சரியில் ஒரு செடியைக் கையில் எடுத்தால் காதில் விழும் வசனங்கள் அவையில் பலருக்கு மனப்பாடமாக இருக்கும். ‘தண்ணியே ஊத்த வேணாம் சார், தானா வரும்.’ ‘ஆடு மாடு கடிக்காது.’ ‘வருஷம் பூரா பூக்கும்.’ ‘ஒரு கிளையை ஒடிச்சு வச்சாலே பிடிச்சுக்கும்மா.’ ‘ரெண்டே மாசத்துல தரையை மூடிடும் பாருங்க.’ நர்சரிக்காரர் பொய் சொல்லவில்லை. ஆக்கிரமிப்புச் செடிக்குத் தாவரவியலார் வகுக்கும் இலக்கணமும் ஏறத்தாழ இதுவேதான்: வறட்சி தாங்கும், மேய்ச்சலுக்குத் தப்பும், நெடுநாள் பூத்து விதை தரும், துண்டிலிருந்து முளைக்கும், வேகமாகப் படரும். எந்தக் குணத்துக்காக வாங்குகிறவர் ஐம்பது ரூபாய் கூடக் கொடுக்கிறாரோ, அதே குணம் மதிலுக்கு வெளியே போனதும் ஏரியை மூடுகிறது.

இதைக் கேட்டுவிட்டு, அயல்நாட்டுச் செடியே ஆகாது என்று யாரும் மண்வெட்டியோடு கிளம்பிவிட வேண்டாம். அப்படிக் கிளம்பினால் சாம்பாரில் தக்காளி இருக்காது, மிளகாய் இருக்காது. மாலை கட்டத் துலுக்கச் சாமந்தி கிடைக்காது. சிவன் கோயிலில் நாகலிங்கப் பூவும் உதிராது. எல்லாம் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. மதில்தோறும் தொங்கும் காகிதப்பூவும் தென் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். அது இத்தனை காலமாக மதிலோடு நின்றுகொள்கிறது. வந்த செடிகளில் மிகச் சிலதான் ஊரை விழுங்குகின்றன. எது அந்தச் சில என்று தெரிந்துகொள்வதில்தான் தோட்டக்காரரின் சாமர்த்தியம் இருக்கிறது.

நீலகிரியில் அந்தச் சில கொஞ்சம் அதிகம். ஊட்டித் தாவரவியல் பூங்காவை வில்லியம் கிரகாம் மெக்ஐவர் உருவாக்கத் தொடங்கியது 1848-ல். அந்தக் காலத்தில் மலையேறி வந்த ஆங்கிலேயர்களுக்குக் குளிர் பழகியதாக இருந்தது, சுற்றியிருந்த செடிகள்தான் பழகாதவை. அந்தக் குறையைத் தீர்க்க அவர்கள் தங்கள் ஊர்ப் புதர்களான கோர்ஸையும் ஸ்காட்ச் புரூமையும் கொண்டுவந்து வைத்தார்கள். இரண்டும் மஞ்சளாகப் பூத்துக் குலுங்கும். இரண்டும் பங்களாத் தோட்டத்தோடு நிற்காமல் வரையாடு மேயும் புல்வெளிகளுக்குள் இறங்கின. கோர்ஸ் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். வெட்டி எரித்தால் தீ அணைந்த இடத்தில் புதிதாக முளைக்கும். உலகின் மிக மோசமான நூறு ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐ.யூ.சி.என். வெளியிட்ட பட்டியலில் அதுவும் இருக்கிறது, உண்ணிச்செடியும் இருக்கிறது, ஆகாயத்தாமரையும் இருக்கிறது.

கோர்ஸை இன்று யாரும் வீட்டில் வைப்பதில்லை. ஆகாயத்தாமரை அப்படியல்ல. மாடித்தோட்டத் தொட்டிக்கு ஏற்ற குளத்துச் செடி என்று இணையத்தில் இப்போதும் அதை விற்கிறார்கள்.

அமேசான் படுகையிலிருந்து அது உலகம் சுற்றியது முழுக்க முழுக்கப் பூவின் அழகால்தான். 1884-ல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் நடந்த பருத்திக் கண்காட்சியில் அதைப் பார்வையாளர்களுக்கு வழங்கினார்கள் என்று சொல்லப்படுகிறது. அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் ஃபுளோரிடாவின் செயின்ட் ஜான்ஸ் ஆற்றில் நீராவிப் படகு நகர முடியாமல் திணறியது. வங்காளத்துக்கு அதே காலத்தில் வந்து, ஆறுகளையும் வயல்களையும் மூடி, கடைசியில் 1936-ல் அந்த ஒரு செடிக்காகவே அங்கே சட்டம் போட வேண்டியதாயிற்று. இலங்கை அதற்கும் முந்திக்கொண்டது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொழும்புத் தோட்டங்களுக்கு அலங்காரமாக வந்த செடியை ஒழிக்க 1909-லேயே தனிச் சட்டம் பிறந்தது. மட்டக்களப்புப் பக்கம் அதை ஆற்றுவாழை என்பார்கள். சட்டத்துக்கு நூறு வயது தாண்டிவிட்டது, ஆற்றுவாழை இன்னும் இளமையாக இருக்கிறது.

அதன் பலம் பெருக்கத்தில். சூடும் சாக்கடைச் சத்தும் சேர்ந்த தண்ணீரில் இரண்டு வாரத்துக்குள் அது தன் பரப்பை இரட்டிப்பாக்கும். வடிகாலில் விழுந்து ஏரிக்குப் போன ஒரு சதுர மீட்டர்ச் செடி, பத்து முறை இரட்டிப்பானால் இருபது வாரத்தில் இருபத்தைந்து சென்ட் நீரை மூடிவிடும். மூடிய நீருக்குள் வெளிச்சம் இல்லை, உயிர்க்காற்று குறைகிறது, மீன் சாகிறது. விதையோ சேற்றில் பதினைந்து, இருபது ஆண்டுகள் காத்திருக்கும். மான்சோனியா என்றொரு கொசு உண்டு. அதன் புழு மற்றக் கொசுப் புழுக்களைப் போல மேலே வந்து மூச்சு விடாது; மிதக்கும் செடிகளின் வேரைத் துளைத்து அதற்குள் இருக்கும் காற்றை உறிஞ்சும். கேரளத்தின் சேர்த்தலை வட்டாரத்தில் யானைக்கால் நோயைப் பரப்பியதில் இந்தக் கொசுவுக்குப் பெரிய பங்கு. மாடியில் ஊதாப் பூ பார்க்க வைத்த செடிக்கும் கீழ்வீதியில் வீங்கிய காலுக்கும் இடையே இப்படி ஒரு வழி இருக்கிறது.

சால்வீனியாவின் கதை இன்னும் விசித்திரம். தென்கிழக்குப் பிரேசிலில் பிறந்த அந்த நீர்ப் பெரணிக்குக் கேரளத்தில் ஆப்பிரிக்கன் பாயல் என்று பெயர். அது மலடு; பிழைக்கும் வித்து எதுவும் அதற்கில்லை. ஒடிந்த துண்டிலிருந்தே இன்னொன்று வளரும். கடல் கடந்து தானாக வர அதற்கு வழியே இல்லை, யாரோ ஒருவர் கையில் ஏந்தித்தான் வந்திருக்க வேண்டும். இலங்கைக்கு 1939-ல் கொழும்பில் தாவரவியல் பாடத்துக்காகக் கொண்டுவரப்பட்டு, அங்கிருந்து நழுவி நெல்வயல்களை நிரப்பியது. 1980-களில் பிரேசிலைச் சேர்ந்த ஒரு சிறு கூன்வண்டை ஆஸ்திரேலியா வழியாகக் கேரளத்துக்கும் இலங்கைக்கும் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அது அடங்கியது. ஒவ்வொரு களைக்கும் இப்படி ஒரு வண்டு கிடைத்துவிடுவதில்லை.

விதையில்லாச் செடி ஆபத்தில்லாத செடி என்று நினைப்பவர்களுக்குப் பிரிட்டனில் ஓர் உதாரணம் உண்டு. ஜப்பானியத் தண்டுச்செடியான நாட்வீடை 1840-களில் சீபோல்ட் என்ற மருத்துவர் ஹாலந்தின் லைடன் நகருக்குக் கொண்டுவந்து வளர்த்தார். 1847-ல் யூட்ரெக்ட் நகரத் தோட்டக்கலைச் சங்கம் அந்த ஆண்டின் சிறந்த புதிய அலங்காரச் செடி என்று அதற்குத் தங்கப் பதக்கம் கொடுத்தது. 1850-ல் லண்டன் கியூ தோட்டத்துக்குப் போனது. அங்கிருந்து வீட்டுத் தோட்டங்களுக்கு. பிரிட்டனில் இருப்பது பெண் செடி மட்டும். தன்னினத்து மகரந்தமே கிடைக்காமல் நாடு முழுவதும் பரவியது, தோட்டக்காரர்கள் வெட்டிக் கொட்டிய வேர்த்தண்டால். ஒரு கிராம் எடைகூட இல்லாத துண்டு போதும் அதற்கு. இன்று அது முளைத்த மனைக்கு வங்கியில் வீட்டுக் கடன் வாங்குவதே பெரும் பாடு. அதைப் பொதுவெளியில் பரவச் செய்வது 1981-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

தமிழ்நாட்டு நகரங்களில் இந்த வேலையைச் செய்வது வெடேலியா. சாலை நடுத்திட்டுகளிலும் அடுக்ககப் புல்தரை ஓரங்களிலும் பளபளவென்று பச்சையாகப் படர்ந்து, சின்ன மஞ்சள் பூ பூக்குமே, அதுதான். மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று எண்ணி ஆசையோடு வாங்கிப்போய் வைத்தவர்களும் உண்டு. பார்வைக்கு உறவுதான், மூலிகை வேறு. இதுவும் விதையை நம்புவதில்லை. தோட்டக்காரர் மாதத்துக்கு ஒரு முறை விளிம்பை வெட்டுகிறார், வெட்டியதை மூட்டை கட்டி ஓடைக்கரையில் தட்டுகிறார். ஒவ்வொரு கணுவும் ஈரம் பட்டதும் வேர்விடும். அடுத்த மழைக்கு ஓடைக்கரையில் வேறு எதற்கும் இடம் இருக்காது.

கேரளத்தில் 2020-ன் இறுதியில், கொரோனா ஊரடங்கு தளர்ந்த நேரம், கோழிக்கோடு மாவட்டம் பேராம்பிராவுக்கு அருகே ஆவளப் பாண்டி என்ற இடத்தில் ஒரு நீரோடை முழுவதும் இளஞ்சிவப்பாகப் பூத்தது. படம் கைபேசிகளில் பறந்தது, ஜனம் திரண்டது. பூத்தது கபோம்பா, மீன் தொட்டிகளில் வைக்கும் தென் அமெரிக்க நீர்ச்செடி. வந்த கூட்டம் வெறுங்கையோடு திரும்பவில்லை; பலர் ஒரு பிடி பிடுங்கி வீட்டுக் குளத்துக்குக் கொண்டுபோனார்கள். அதைச் செய்யாதீர்கள் என்று தாவரவியலார் பத்திரிகைகளில் எச்சரிக்க வேண்டிவந்தது. அழகைக் கண்டால் ஒரு பதியன் கேட்பதும், கேட்டவருக்கு மறுக்காமல் கொடுப்பதும் தோட்டக்காரர்களின் நல்ல வழக்கம். கெட்ட எண்ணத்தோடு யாரும் எந்தக் களையையும் பரப்பவில்லை என்பதுதான் இந்த விஷயத்தில் சங்கடமான உண்மை.

இனி, செய்ய வேண்டியது. முதலில் அந்தக் குவியல். நீர்ச்செடி எதுவானாலும் வடிகாலில், கழிப்பறையில், குளத்தில் போகக் கூடாது. மொட்டை மாடியின் சிமெண்டுத் தரையில் பரப்பி, கையில் எடுத்தால் நொறுங்கும் வரை காயவிட வேண்டும். தொட்டியின் அடிச்சேற்றையும் சேர்த்து. அதன் பிறகு உரக்குழிக்குப் போகலாம். வெடேலியா போன்ற கணுவில் வேர்விடும் கொடிகளைக் கருப்புப் பாலிதீன் பையில் இறுகக் கட்டிச் சில வாரம் நல்ல வெயிலில் போட்டால் உள்ளேயே வெந்துவிடும். விதை முற்றிய தலைகளை வீட்டு உரத்தொட்டியில் போடுவதில் பயனில்லை. விதை சாக 55, 60 டிகிரிச் சூடு வேண்டும். வீட்டுத் தொட்டி பெரும்பாலும் அந்தச் சூட்டைத் தொடாது. அந்த உரத்தை அள்ளிப் போட்ட இடமெல்லாம் நாற்று முளைக்கும். மீன் தொட்டி சலித்துவிட்டால் செடியை மட்டுமல்ல, மீனையும் ஏரியில் விடக் கூடாது, ஆனால் அது இன்னொரு நாள் பேச வேண்டியது.

பறவை பரப்பும் செடிகளுக்குக் குப்பை ஒழுங்கு மட்டும் போதாது. உண்ணிச்செடியின் அலங்கார வகை வீட்டில் இருந்து, அதை விட மனம் வராவிட்டால், பூங்கொத்து வாடியதும் காய் பிடிக்குமுன் கிள்ளிவிட வேண்டும். காய்க்காத வகை என்று சொல்லி விற்பவையும் மகரந்தத்தைக் காட்டுச் செடிக்குக் கொடுக்கக்கூடும் என்பதால், எடுத்துவிடுவதே மேல். எடுப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. மண்ணுக்கு மேலே வெட்டினால் முன்னைவிட அடர்த்தியாகத் துளிர்க்கும். டெல்லிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டிய வழி எளியது: மண்ணுக்குக் கீழே இரண்டு விரற்கடை ஆழத்தில் முதன்மை வேரை வெட்டி, புதரைப் பெயர்த்து, வேர் வானத்தைப் பார்க்கத் தலைகீழாகக் கவிழ்த்துவிடுவது. மழைக்கு முன் செய்தால் சுலபம்.

எடுத்த இடத்தைச் சும்மா விட்டால் அடுத்த களை வந்து உட்காரும். நடுவதற்குச் செடிகளா இல்லை? வேலிக்கு நொச்சியும் ஆடாதோடையும் இருக்கின்றன. ஆடாதோடையை ஆடும் தொடாது. பூவுக்கு வெட்சி, கனகாம்பரம், பவழமல்லி. வெடேலியா மூடிய தரையைப் பொடுதலையும் வல்லாரையும் மூடும், வல்லாரை துவையலுக்கும் ஆகும். குளத்துக்கு அல்லியும் நெய்தலும். மஞ்சள் பூ மரம்தான் வேண்டுமென்றால் சரக்கொன்றை இருக்கிறது, புதராக வேண்டுமென்றால் ஆவாரை. இதை அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. மஞ்சள் கொன்றை என்ற பெயரில் அழகுக்கும் நிழலுக்கும் நடப்பட்ட சென்னா ஸ்பெக்டாபிலிஸ் என்ற அமெரிக்க மரம் வயநாட்டிலிருந்து முதுமலை வரை காட்டை மூடியதும், வெட்டிய அடிமரத்திலிருந்து கொத்தாகத் துளிர்ப்பதும், அதைக் காகிதக் கூழுக்கு வெட்டி எடுக்கும் வேலையில் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்தையே அரசு இறக்கியதும் இந்தச் சில ஆண்டுச் செய்திகள்.

சட்டம் பின்னால் நடந்து வருகிறது. ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்றிச் சூழலை மீட்க 2022-ல் தமிழ்நாடு அரசு ஒரு கொள்கை வெளியிட்டது. அதே ஆண்டு காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் செய்த திருத்தம், இத்தகைய இனங்களின் இறக்குமதி, விற்பனை, வளர்ப்பைக் கட்டுப்படுத்த மத்திய அரசுக்கு அதிகாரம் தந்தது. இரண்டும் தேவையானவையே. ஆனால் இரண்டின் பார்வையும் காட்டின் மேல் இருக்கிறது, விற்பனை நடப்பதோ நெடுஞ்சாலையோர நர்சரியில். அங்கே செடியின் மேல் விலைச் சீட்டு இருக்கும். எந்த நாட்டுச் செடி, தானாகப் பரவுமா என்று சொல்லும் சீட்டு இருக்காது. அதை வாங்குகிறவர்தான் கேட்க வேண்டும். நாலு பேர் கேட்டால் நர்சரிக்காரர் நொச்சி நாற்றுப் போடுவார். விற்கிற சரக்கைத்தானே அவர் வளர்ப்பார்? சாலை நடுத்திட்டுக்கும் அடுக்ககத்துக்கும் மொத்தமாக ஆர்டர் கொடுப்பவர்களிடம் அதே கேள்வியைக் குடியிருப்போர் சங்கம் எழுத்தில் கேட்கலாம். ஆயிரம் தொட்டியை விட அந்த ஒரு ஆர்டர் பெரியது.

கடைசியாக, பிடுங்கியவர்கள் பிடுங்கியதோடு கதவைச் சாத்திவிடக் கூடாது. மண்ணில் கிடக்கும் விதையும் விட்டுப்போன கணுவும் அடுத்த ஈரத்துக்குக் காத்திருக்கும். குறைந்தது இரண்டு மழைக்காலம் அந்த இடத்தைப் பார்த்து வர வேண்டும். கோடை மழைக்குப் பின் ஒரு முறை, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த மார்கழியில் ஒரு முறை குனிந்து தேடினால் போதும். நாற்று விரல் நீளம் இருக்கும்போது இரண்டு விரலால் எடுத்துவிடலாம்; முழங்கால் உயரம் போனால் கடப்பாரை தேடவேண்டி வரும்.